மேடைக்கு வரும் மின்சாரமும் கிற்றார் பெடல்களும்

வாசகர் கேள்வி – பதில்

வைகாசி பிறந்துவிட்டால் இலங்கையின் வடக்கே நம் வன்னியில் பொங்கல்களும் திருவிழாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இசைக்குழுக்களுக்கும் ஓய்வில்லாத காலம் தொடங்கிவிடும். இம்முறை வந்த கடிதங்களில் பல, கிற்றாரின் ஒலியை மாற்றியமைக்கும், காலால் மிதிக்கும் சிறு பெட்டிகளான பெடல்களுக்கு வெளியிடங்களில் எவ்வாறு மின்சாரம் கொடுப்பது என்றே கேட்டிருந்தன. பொருள் ஒன்றே என்பதால் அவற்றைச் சேர்த்து விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசிக்கும் சிறிய இசைக்குழு எங்களுடையது. ரியூனர், கொம்பிரசர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவேர்ப் என்று ஆறு பெடல்கள் வைத்திருக்கிறேன். 9 வோல்ற்று, 200 மில்லி அம்பியர் என்று எழுதப்பட்ட ஓர் அடப்ரரிலிருந்து கிளை வயர் மூலம் ஆறுக்கும் மின் கொடுக்கிறேன். வீட்டில் குறை தெரிவதில்லை. ஜெனரேற்றரில் வாசிக்கும்போது பெரிய இரைச்சல் கேட்கிறது. சோடனை விளக்குகளைப் போட்டதும் டிலே பெடல் அணைந்து மீண்டும் எரிகிறது. ஜெனரேற்றர்காரர் தன் பக்கம் பிழையில்லை என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஜெனரேற்றர்காரரை நோவதற்கு முன்னர் தங்கள் அடப்ரரைப் பாருங்கள். ஒவ்வொரு பெடலும் எடுக்கும் மின்னோட்டம் அதன் அடிப்பக்கத்திலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக, ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கொம்பிரசரும் தலா 10 மில்லி அம்பியருக்குள் அடங்கிவிடும். பல கிற்றார்கள் சேர்ந்து ஒலிப்பதுபோலக் காட்டும் கோரஸ் 20 அளவிலும், சுருதி பார்க்கும் ரியூனர் 30 அளவிலும் எடுக்கும். எதிரொலி தரும் டிஜிற்றல் டிலேக்கு 65 உம், பெரிய மண்டபத்தின் முழக்கத்தைத் தரும் டிஜிற்றல் ரிவேர்ப்புக்கு 100 உம் வேண்டியிருக்கும். இவற்றைக் கூட்டினால் 235 மில்லி அம்பியர் வருகிறது. தங்கள் அடப்ரர் தரக்கூடியது 200. வீட்டில் அது எப்படியோ இழுத்துக்கொண்டு போகிறது. மேடையில் அதனால் முடியவில்லை.

அடப்ரரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது கட்டியாகவும் பாரமாகவும் இருந்து, சற்று நேரம் வேலை செய்ததும் கையில் சூடு தெரிந்தால், அதற்குள் இரும்புக் கருவுடன் கூடிய நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்) இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். இவ்வகை மலிவான அடப்ரரில் உள்ளே வரும் வோல்ற்றளவு குறைந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் குறையும். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும் கணத்தில் ஜெனரேற்றரின் 230 வோல்ற்று 190 ஆக இறங்கினால், அடப்ரரின் 9 வோல்ற்று ஏழரைக்கும் கீழே போய்விடும். ஓவர்டிரைவ் அதைப் பொறுத்துக்கொள்ளும். உள்ளே கணினிச் சில்லு இருக்கும் டிலே பொறுக்காது, அணைந்து திரும்ப எரியும். இரைச்சலுக்கும் காரணம் இதுவே. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதை ஒருதிசைப்படுத்தும்போது 100 ஹேர்ட்ஸில் ஓர் அலைவு எஞ்சுகிறது. அடப்ரரில் உள்ள கொள்ளளவி (கப்பாசிற்றர்) அதைத் தட்டையாக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மேல் மின்னோட்டம் இழுக்கப்படும்போது அது முடியாமற் போய், அலைவு அப்படியே பெடல்களுக்குள் நுழைந்து கொம்பிரசராலும் ஓவர்டிரைவாலும் பல மடங்கு பெருக்கப்படுகிறது.

ஆகவே முதல் வேலையாக, பாரமில்லாத புதிய வகை அடப்ரர் ஒன்றை வாங்குங்கள். உள்ளீடு 100 முதல் 240 வோல்ற்று வரை என்றும், வெளியீடு 9 வோல்ற்று, 1 அம்பியர் என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட அடப்ரருக்கு ஜெனரேற்றர் 190 க்கு இறங்கினாலும் கவலையில்லை. வாங்கிய பின்னரும் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்குமானால் அது டிலே, ரிவேர்ப் ஆகியவற்றின் டிஜிற்றல் சுற்றிலிருந்து கிளை வயர் வழியாக மற்றப் பெடல்களுக்குப் பரவுவதாகும். அவ்விரண்டுக்கும் தனி அடப்ரர் கொடுங்கள். வசதி உண்டானால் ஒவ்வொரு வெளியீடும் மற்றையவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட, பெடல்களுக்கென்றே செய்யப்பட்ட மின்வழங்கியை வாங்கலாம். விலை கூடியது, ஆனால் பல வருடம் உழைக்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. வாசித்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே முதற் பெடலுக்குள் வரும் கிற்றார் கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது, கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் கிற்றாரின் பிக்கப் பிடிக்கும் இரைச்சல். மினுங்கும் சோடனை விளக்குகளின் வயரும் கிற்றார் கேபிளும் பக்கம் பக்கமாக ஓடுகின்றனவா என்று பார்த்து விலக்குங்கள், விலக்க முடியாவிட்டால் குறுக்காகக் கடக்க விடுங்கள். கேபிளைக் கழற்றிய பின்னரும் இரைச்சல் தொடர்ந்தால் பெடல்களின் மின்வழங்கலையும், பெடலுக்கும் அம்பிளிபயருக்கும் இடையிலான இணைப்பையும் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் ஒரே ஒரு பெடலைப் பற்றரியில் இயக்கிப் பாருங்கள். குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். எந்த இசைக்குழுவும் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னர், விளக்குகள் முழுவதும் எரியும் நிலையில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பகலில் விளக்குகள் இல்லாமல் ஒலி பார்த்துவிட்டு இரவில் திண்டாடுவதே வழக்கமாகிவிட்டது.

ஜெனரேற்றர்காரரின் பக்கமும் ஒரு குறை இருக்கலாம். ஜெனரேற்றரின் சத்தம் கேட்காதிருக்க அதைத் தூரத்தில் வைத்து, மெல்லிய வயரில் மேடைக்கு மின் கொண்டுவருகிறார்கள். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 50 மீற்றருக்கு இழுத்தால், போகவும் வரவும் 100 மீற்றர். அதன் தடை ஏறக்குறைய 1.8 ஓம். மேடை 10 அம்பியர் எடுத்தால் 18 வோல்ற்று வயரிலேயே தொலைந்துபோகும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் இழப்பு ஏழெட்டு வோல்ற்றுத்தான். விளக்குகளுக்கு ஒரு வயர், இசைக்கு ஒரு வயர் என்று ஜெனரேற்றரிலிருந்தே பிரித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதற்கு அதிகம் செலவில்லை, பயன் மிகப் பெரிது. உருளையில் சுற்றிய வயரானால் முழுவதையும் அவிழ்த்துவிட வேண்டும். சுற்றியபடியே பாவித்தால் சூடேறி உறை உருகும்.

இவ்வளவும் சொன்னாலும், என் உறுதியான கருத்து வேறொன்று. பெடல்களுக்கு மேடையின் மின்சாரத்தை நம்பியிருக்கவே தேவையில்லை. தங்கள் ஆறு பெடல்களும் சேர்ந்து எடுப்பது 9 வோல்ற்றில் 235 மில்லி அம்பியர், அதாவது 2 வாற்றுக்குச் சற்று மேல். 1990 களில் போர்க்காலத்தில் வன்னிக்கு உலர் பற்றரிகள் வரத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோவில் செய்தி கேட்டார்கள் நம்மவர்கள். அந்த டைனமோ தருவது 3 வாற்று. ஆறு பெடல்களுக்கும் அதைவிடக் குறைவாகவே வேண்டும். இவ்வளவு சிறிய மின்னைக் கையோடு கொண்டுபோய்விடலாம். எப்படி என்பது அடுத்த இரு விடைகளில் வருகிறது.

கேள்வி: பெடல்களைப் பவர் பாங்கில் இயக்கலாம் என்று கேள்விப்பட்டு, கடையில் 9 வோல்ற்று தரும் யூ.எஸ்.பி வயர் ஒன்றை வாங்கினேன். ஓவர்டிரைவ் பெடலில் மாட்டியபோது எரியவே இல்லை. நண்பர் ஒருவர் வேறு வயர் தந்தார்; அதில் எரிந்தது, ஆனால் அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிட்டது. பவர் பாங் பழுதா?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: பவர் பாங் பழுதில்லை. தாங்கள் வாங்கிய வயர் வைபை றவுற்றருக்கு உரியதாக இருக்க வேண்டும். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நடந்த நாட்களில் இவ்வகை வயர்கள் எங்கும் விற்கப்பட்டன. இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. றவுற்றர்களின் பிளக்கில் நடுத்துளை நேர் முனையாகவும் வெளிவளையம் மறை முனையாகவும் இருக்கும். கிற்றார் பெடல்களில் இது தலைகீழ்: நடுத்துளை மறை, வெளிவளையம் நேர். ஜப்பானின் பொஸ் நிறுவனம் கைக்கொண்ட இந்த ஒழுங்கையே இன்று பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. இரண்டு பிளக்கும் ஒரே பருமன் என்பதால் தவறுதலாக மாட்டுவது மிக எளிது. சில பெடல்களில் காப்பு டயோட் இருப்பதால் எரியாமல் இருப்பதோடு தப்பிவிடும். சிலவற்றில் உள்ளே கருகிவிடும். தங்கள் பெடல் தப்பிவிட்டது என்பது ஆறுதல்.

எந்த வயரையும் பெடலில் மாட்டுவதற்கு முன், வோல்ற்றளவை அளக்கும் மல்ரிமீற்றரால் பாருங்கள். சிவப்பு ஊசியைப் பிளக்கின் நடுத்துளைக்குள்ளும் கறுப்பு ஊசியை வெளிவளையத்திலும் வைத்தால், பெடலுக்குரிய வயரில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி தோன்ற வேண்டும். குறி இல்லாமல் வெறும் 9 தோன்றினால் அது பெடலுக்கு உதவாது. மல்ரிமீற்றர் இல்லாத இசைக்குழு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். பின்வரும் ஒரு விடையில் அது இன்னும் முக்கியமாகத் தேவைப்படும்.

தானாக அணைவதற்குக் காரணம் வேறு. கைப்பேசி முழுதாகச் சார்ஜ் ஆகிவிட்டது என்று எண்ணி, மின்னோட்டம் மிகக் குறைந்தால் பவர் பாங் தன்னை நிறுத்திக்கொள்ளும். பலவற்றில் இந்த எல்லை 50 முதல் 100 மில்லி அம்பியருக்கு இடையில் இருக்கும். தனி ஓவர்டிரைவ் எடுப்பது அதில் ஒரு சிறு பங்கு. டிலே போன்ற டிஜிற்றல் பெடலையும் சேர்த்து மாட்டினால் பவர் பாங் விழித்திருக்கும். சில பவர் பாங்குகளில் பொத்தானை இரு முறை அழுத்தினால், சிறிய கருவிகளுக்கென்று உள்ள குறைமின்னோட்ட நிலைக்குப் போகும், கையேட்டைப் பாருங்கள்.

கொள்ளளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 10,000 மில்லி அம்பியர்மணி என்று எழுதப்பட்ட பவர் பாங்கில், உள்ளே இருக்கும் கலத்தின் 3.7 வோல்ற்றைக் கொண்டு கணக்கிட்டால் 37 வாற்றுமணி இருக்கிறது. 9 வோல்ற்றுக்கு உயர்த்தும்போது ஏற்படும் இழப்பைத் தாராளமாகக் கழித்து 30 என்று வைத்தாலும், 2 வாற்றுச் சொச்சம் எடுக்கும் ஆறு பெடல்களைப் பதினான்கு மணிநேரம் இயக்கலாம். திருவிழா விடியும்வரை நடந்தாலும் போதும். ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும்போது பவர் பாங்கைச் சார்ஜில் போட்டுவைக்காதீர்கள். சார்ஜரின் இரைச்சல் பெடலுக்குள் வரும், கரண்ட் போகும் கணத்தில் பவர் பாங்கின் வெளியீடும் ஒரு நொடி அறுபடக்கூடும். மலிவான உயர்த்தும் வயர்கள் சில, பெடலில் சீறல் சத்தம் தருவதுண்டு. அப்படியானால் வயரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் மாலையில் மின்சாரம் நம்பிக்கையில்லை. மோட்டார் சைக்கிள் பற்றரியை நேராகப் பெடல்களுக்குக் கொடுக்கலாமா? அல்லது இன்வேற்றர் வாங்கி அதில் அடப்ரரை மாட்டலாமா?
– ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர்

பதில்: நேராகக் கொடுக்கக் கூடாது. 12 வோல்ற்று என்று சொல்லப்படும் பற்றரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ற்றும், வாகனம் ஓடும்போது 14 வோல்ற்றுக்கு மேலும் காட்டும். 9 வோல்ற்றுப் பெடல்கள் சில இதைத் தாங்கும், பல தாங்கா. இடையில், வோல்ற்றளவை 9 இல் நிலைநிறுத்தும் 7809 என்னும் சிறிய சீராக்கியைப் போட வேண்டும். றேடியோ திருத்தும் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மூன்று கால் உறுப்பு அது. 1 அம்பியர் வரை தரும். எழுத்துள்ள முகம் நம்மை நோக்கியிருக்க, இடக் கால் உள்ளீடு, நடுக் கால் பொதுத்தரை, வலக் கால் வெளியீடு. உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையில் 0.33 மைக்ரோ பரட், வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையில் 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவிகளைக் காலுக்கு அருகிலேயே ஒட்டுங்கள். வோல்ற்றளவை வெட்டி வெட்டிக் குறைக்காமல், மிகுதியை வெப்பமாக்கிவிடும் வகை இது. அதனாலேயே கிற்றாருக்கு இதைவிடச் சுத்தமான மின் கிடைப்பது அரிது என்பேன். முதற் கேள்வியில் வந்த ஆறு பெடல்களும் 235 மில்லி அம்பியர் எடுக்கும்போது அது வெளிவிடும் வெப்பம் ஒரு வாற்றுக்கும் குறைவு. எனினும் நம் ஊர் வெக்கையில் அது தொட முடியாத அளவு சூடேறும். ஆகவே ஓர் அலுமினியத் துண்டை அதன் முதுகில் திருகிவிடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது பற்றரியின் வலிமை. பெடல்களுக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதுமென்றாலும், இரு முனைகளும் தற்செயலாகத் தொட்டுக்கொண்டால் அந்தப் பற்றரி வயரைச் செந்தணலாக்கிவிடும். நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 1 அம்பியர் உருகி ஒன்றைப் போடாமல் இந்த இணைப்பைச் செய்யாதீர்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றுவதைவிட, யூ.பி.எஸ்ஸில் பாவிக்கும் மூடிய வகை 12 வோல்ற்று, 7 அம்பியர்மணிப் பற்றரி ஒன்றைத் தனியாக வைத்திருப்பது நல்லது. அமிலம் சிந்தாது, பெடல் பெட்டிக்குள் அடங்கும். பாதிக்கு மேல் இறக்காமல் பாவித்தாலும் அந்த ஆறு பெடல்களுக்கும் பத்து மணிநேரத்துக்கு மேல் கிடைக்கும். பகலில் தோட்டத்துச் சூரியத் தகட்டில், உரிய சார்ஜ் கட்டுப்படுத்தி மூலம் அதை ஏற்றிக்கொள்ளலாம்.

12 வோல்ற்றை 230 ஆக்கும் இன்வேற்றரை வாங்கி அதில் அடப்ரரை மாட்டும் யோசனையையும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். மலிவான இன்வேற்றர்கள் தருவது படிக்கட்டு வடிவ அலை. அது கிற்றாரில் தேனீக் கூட்டம்போல இரையும். 12 ஐ 230 ஆக்கி மறுபடி 9 ஆக்குவதில் மின்னும் வீண்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மாமா தான் வாசித்த பழைய பெடல்கள் மூன்றையும் அவற்றின் அடப்ரர்களையும் அனுப்பியிருக்கிறார். இங்கே பாவிக்கலாமா?
– ஒரு வாசகி, மாங்குளம்

பதில்: பெடல்களைப் பாவிக்கலாம், அடப்ரர்களை எழுத்தைப் படிக்காமல் மாட்டாதீர்கள், மகள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். உள்ளீடு 120 என்று மட்டும் எழுதிய அடப்ரரை நம் 230 இல் மாட்டினால் புகைந்துவிடும். 100 முதல் 240 வரை என்றிருந்தால் பிளக்கை மாற்றும் முனையோடு தாராளமாகப் பாவிக்கலாம். பெடலுக்குள் போவது இரு நாட்டிலும் அதே 9 வோல்ற்றுத்தான் என்பதால் உள்ளூரில் வாங்கும் நல்ல அடப்ரரே போதும்.

மூன்று விதிவிலக்குகளைப் பாருங்கள். பெடலில் 9 வோல்ற்றுக்குப் பக்கத்தில் நேர்கோடும் அதன்கீழ்ப் புள்ளிக்கோடும் இல்லாமல் அலைக்குறி இருந்தால் அதற்கு ஆடலோட்டம் (ஏ.சி) வேண்டும். சாதாரண அடப்ரர் பொருந்தாது. பொஸ் நிறுவனத்தின் மிகப் பழைய பெடல்களில் ஏ.சி.ஏ என்று எழுதியிருந்தால் அவை 12 வோல்ற்று அடப்ரருக்காகச் செய்யப்பட்டவை; தனியாக 9 வோல்ற்று கொடுத்தால் விளக்கு மங்கலாக எரியும். மாமா ஜேர்மேனியம் திரான்சிஸ்ரர் உள்ள பழைய வகை பஸ் (fuzz) பெடல் வைத்திருந்தால், அதில் நேர் முனை தரையோடு இணைக்கப்பட்டிருக்கக்கூடும். அதை மற்றப் பெடல்களோடு கிளை வயரில் சேர்த்தால் மின்வழங்கி குறுக்குச்சுற்றாகிவிடும். அதற்குத் தனிப் பற்றரி போட்டுவிடுங்கள்.

கேள்வி: கரையோரத் தேவாலயப் பெருநாள் ஒன்றில் கிற்றார் வாசித்தபடி பாடும்போது மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்று கரண்ட் அடித்தது. மிக்சர் தேவாலயத்தின் லைன் கரண்டிலும் எங்கள் அம்பிளிபயர் ஜெனரேற்றரிலும் இருந்தன. இரைச்சலைக் குறைக்க அம்பிளிபயர் பிளக்கின் ஏர்த் முள்ளை நண்பர் முன்பே வெட்டிவிட்டார். பெடல்களால் இது வருகிறதா?
– முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பெடல்களால் வரவில்லை. இந்த அம்பிளிபயரைப் பிளக்கை மாற்றும்வரை மேடையில் ஏற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றக் கடிதங்கள் ஒலியின் தரத்தைப் பற்றியவை, இது உயிர் ஆபத்து.

கிற்றாரின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் பாலமான பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் வெளிப்பின்னலுக்கும், அங்கிருந்து பெடல்களின் உலோக உடலுக்கும், முடிவில் அம்பிளிபயரின் உலோகச் சட்டத்துக்கும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டம் ஏர்த் வயரால் புவியோடு இணைந்திருக்கும்வரை, உள்ளே ஏதும் பழுதானாலும் மின் அவ்வழியே புவிக்குப் போய் உருகியை அறுத்துவிடும். முள்ளை வெட்டிய பின்னர் அந்த மின்னுக்கு வேறு வழியில்லை. தாங்கள் கம்பியில் கையும், ஏர்த் ஆகியிருக்கும் மைக்கில் உதடுமாக நிற்கும்போது, தாங்களே அந்த வழியாகிவிடுகிறீர்கள். கடற்கரையின் ஈரக் காற்றும் வியர்த்த கையும் வெறுங்காலும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. 1972 இல் பிரித்தானியாவின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார் கலைஞர், ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். தங்களுக்கு அடித்தது சிறிய கசிவாக இருக்கலாம். அடுத்த முறையும் சிறியதாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். வெட்டிய பிளக்கை எறிந்துவிட்டு, மூன்று முள்ளும் உள்ள 13 அம்பியர் பிளக்கைப் பொருத்துங்கள். பழைய மண்டபங்களில் வட்டத் துளைச் சொக்கற் இருந்தால் ஏர்த் தொடர்பைக் காக்கும் மாற்றியையே பாவியுங்கள். இரு முள் மாற்றிகளையும் சொக்கற்றுக்குள் வெறும் வயரைச் சொருகிக் குச்சியால் இறுக்கும் வழக்கத்தையும் அறவே விடுங்கள். இசைக்குரிய யாவும், மிக்சர், அம்பிளிபயர், கீபோர்ட் எல்லாம், ஒரே மின்மூலத்திலிருந்து ஒரே பலகை வழியாக வரட்டும். ஒன்று லைன் கரண்டில், மற்றது ஜெனரேற்றரில் என்று இருந்தால் இரண்டின் புவிக்கும் இடையே வோல்ற்றளவு வேறுபாடு தோன்றலாம். அந்தப் பலகையில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். ஜெனரேற்றரில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ய வேண்டுமானால் அதன் நியூற்றல் ஓரிடத்தில் புவியோடு இணைந்திருக்க வேண்டும். சிறிய ஜெனரேற்றர்கள் பலவற்றில் அது இணைக்கப்படாமலே வருகிறது. இதைத் தாங்களே செய்ய முனையாமல், மின்வேலை கற்ற ஒருவரைக் கொண்டு ஏர்த் கம்பியோடு சேர்த்துச் செய்வியுங்கள். வெயிற் காலத்துக் காய்ந்த மணலில் ஒரு முழக் கம்பியைக் குத்திவிட்டு ஏர்த் கொடுத்துவிட்டோம் என்று இருப்பது பயனற்றது; ஈரம் எட்டும் ஆழத்துக்குக் கம்பி இறங்க வேண்டும்.

எல்லாம் இணைத்து இயக்கிய பின், யாரும் மைக்கைத் தொடுவதற்கு முன்னர், மல்ரிமீற்றரை ஆடலோட்ட வோல்ற்றளவில் 250 க்கு மேற்பட்ட எல்லையில் வைத்து, ஓர் ஊசியைக் கிற்றார்க் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலைமுகத்திலும் வையுங்கள். ஊசியின் உலோகத்தை விரல் தொடக் கூடாது. ஒன்றிரண்டு வோல்ற்றுக்குள் காட்டினால் நல்லது. 60, 100 என்று காட்டினால் எங்கோ ஏர்த் அறுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டாம், ஏற்பாட்டாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. மைக்கின் பஞ்சு உறை காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். எச்சிலில் நனைந்த பஞ்சு காப்பாற்றாது. கிற்றாருக்கு வயர்லெஸ் கருவி இருந்தால் கம்பிக்கும் அம்பிளிபயருக்கும் இடையிலான மின்தொடர்பு அறுபடுவதால் பாடுபவருக்கு நல்ல காவல். ஆனாலும் அம்பிளிபயரின் ஏர்த் அவசியமே.

நண்பர் முள்ளை வெட்டியதற்குக் காரணமான இரைச்சல், மிக்சருக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் இரு வழிகளில் ஏர்த் இணைந்து வளையமாவதால் வந்திருக்கும். அதைச் சமிக்ஞைக் கேபிளில் அறுக்க வேண்டும், மின்கேபிளில் அல்ல. கிற்றார் ஒலியை மிக்சருக்கு ஏற்ப மாற்றித் தரும், நிலைமாற்றியுள்ள டி.ஐ பெட்டி ஒன்றை அம்பிளிபயருக்கும் மிக்சருக்கும் இடையே வைத்து, அதிலுள்ள தரைநீக்கும் சுவிட்சைத் தட்டினால் இரைச்சல் நின்றுவிடும். பெடல்களைப் பற்றரியில் இயக்கினாலும் மின்கேபிள் ஒன்று குறைவதால் ஒரு வளையம் இல்லாமற் போகும்.

கேள்வி: பாடசாலைக் கலைவிழாவில் வாசிக்க என்னிடம் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றுதான் இருக்கிறது, அடப்ரர் இல்லை. சதுர 9 வோல்ற்றுப் பற்றரி எவ்வளவு நேரம் போகும்?
– மாணவி, மல்லாவி

பதில்: தங்கச்சி, அல்கலைன் வகைப் பற்றரியில் ஏறக்குறைய 500 மில்லி அம்பியர்மணி இருக்கும். ஓவர்டிரைவ் பெடல் 5 முதல் 10 மில்லி அம்பியர்தான் எடுக்கும் என்பதால் ஐம்பது மணிநேரம் எளிதாகப் போகும். ஒரு தவணைக்கு ஒரு பற்றரி போதும். விலை குறைந்த சாதாரண வகை அதைவிட விரைவில் தீரும். பின்னாளில் டிஜிற்றல் டிலே வாங்கினால் அதைப் பற்றரியில் இயக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு சில மணிநேரத்தில் பற்றரி தீர்ந்துவிடும்.

பெடலின் விளக்கு அணைந்திருந்தால் பற்றரி செலவாகவில்லை என்று நினைக்க வேண்டாம். கிற்றாரிலிருந்து வரும் கேபிளை உள்ளீட்டுத் துளையில் சொருகிய உடனேயே பற்றரி இணைந்துவிடும். காலால் மிதிப்பது ஒலியை மாற்றுவதற்கு மட்டுமே. ஆகவே ஒத்திகை முடிந்ததும் அந்தக் கேபிளைக் கழற்றி வையுங்கள். நெடுநாள் வாசிக்காதிருந்தால் பற்றரியையே வெளியே எடுத்துவிடுங்கள், கசிந்து உள்ளே அரித்துவிடும். கலைவிழா அன்று மல்ரிமீற்றரில் 8 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.